யூப் மாமாவின் சாவிக்கொத்து

லேனியின் அம்மா கெசீனா எழுதிய இசையில் சுரங்களே இல்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'நாம் எழுப்பாத ஒரு சத்தம் கேட்டால், அதற்குப் பதில் வாசி.'

இந்தப் பழக்கம் ரோஸ்விதா டீச்சரிடமிருந்து வந்தது. அவரும் இசை எழுதுபவர். அம்மாவின் முதல் வகுப்பில் பியானோவைத் தொடவே விடாமல், ஒழுகுகிற குழாயைக் கேட்கச் சொன்னவர். இன்று கச்சேரி நாள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா லேனியின் பக்கம் குனிந்தாள்.

"டீச்சருக்குப் பிடிக்கலேன்னா இதோட விட்டுடுவேன் லேனி."

"பிடிக்கும்மா. நான் இருக்கேன்ல," என்றாள் லேனி. அவளுடைய வாத்தியம் ஒரு பாத்திர மூடி.

கச்சேரி நடந்தது கொலோன் நகரத்தின் பழைய டிராம் கொட்டகையில். ஒத்திகையின்போது டிராம் மணி கேட்கும், மழை கேட்கும், ஹீட்டர் உறுமும். இன்று எதுவுமே கேட்கவில்லை. மக்களும் மரியாதையாக இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்கள். வாசிப்பவர்கள் திருதிருவென விழித்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது, பாவம்.

லேனி சுற்றிலும் பார்த்தாள். ஹீட்டர் அணைந்திருந்தது. ஜன்னல்களில் கனத்த போர்வைகள். வாசலில் காவலாளி யூப் மாமா பெருமையாக நின்றிருந்தார். கச்சேரிக்கு இடைஞ்சல் கூடாதென்று எல்லாம் அவர் செய்த வேலை!

லேனி மெல்ல எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். ஜன்னல் பூட்டியிருந்தது. யூப் மாமாவைக் கைகாட்டி அழைத்தாள். அவர் அவசரமாக வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து கலகலவென்றது.

லேனி மூடியைத் தட்டினாள். டங்!

யூப் மாமா பயந்து நின்றுவிட்டார். "ஐயோ, கெடுத்துட்டேனா பாப்பா?"

"இல்ல மாமா. நடங்க, நிக்காதீங்க."

அவர் நடந்தார். சாவிக்கு டிராம்போன் என்ற பித்தளைக் குழல் பதில் சொன்னது. ஜன்னல் திறந்ததும் டிராம் மணியும் மழையும் உள்ளே வந்தன. எல்லா வாத்தியங்களும் பேசத் தொடங்கின. அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது.

முடிந்ததும் ரோஸ்விதா டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒரு குழாயத்தான் கேக்கச் சொன்னேன். நீ ஊரையே கேக்க வச்சுட்டே. ஆமா, சாவி வாசிச்சது யாரு?"

யூப் மாமா தொப்பியைக் கழற்றினார். "நான்தாங்க. தெரியாம நடந்துபோச்சு."

"நாளைக்கும் இதே மாதிரி தெரியாமலே வாங்க."

மறுநாள் யூப் மாமா தன் வீட்டுச் சாவிகளையும் சேர்த்துக் கோத்துக்கொண்டு வந்தார்.