இரண்டு விலை எழுதிய ரொட்டி

பாகூரில் கனகாம்பாளின் வீட்டு வாசலில் சகாயராணி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவள் கணவன் ஜெயசீலன் குரோஷியாவில், கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். 2023 ஜூலையில் போனவன். இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. கடைசி நான்கு மாதமாகப் போன் இல்லை. போலீசில் புகார் கொடுத்திருந்தாள்.

“அவர அங்க அனுப்புன ஏஜென்ட் சுகுமாரு இந்த போட்டோவ அனுப்பிச்சாரு, அக்கா. போன ஞாயித்துக்கெழம எடுத்ததாம். அவரு நல்லா இருக்காரு, புகார வாபஸ் வாங்கும்மான்னு கார எடுத்துகினு வந்து தெருமுனைல நிக்கறாரு. எனக்கு மனசு ஒப்பல.”

கனகாம்பாள் முப்பது ஆண்டு வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுன்ட்டரில் இருந்தவள். போலிக் கையெழுத்து, காணாமல் போன பத்திரம் என்றால் ஊரார் அவளைத்தான் தேடி வருவார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனை வாங்கினாள்.

ஜெயசீலன் ரொட்டிக்கடையில் சிரித்தபடி நின்றான். பக்கத்துத் தட்டில் ஒரே வகை ரொட்டி. விலைச்சீட்டில் மேலே 2.00, கீழே 15.07.

ஓய்வுபெற்ற கண்டக்டரான அவள் கணவர் ராமு எட்டிப் பார்த்தார். “மூஞ்சி வாடவே இல்ல. நல்லா துன்றான். கேஸ் முடிஞ்சிச்சு!”

“டிக்கெட் கிழிச்ச ஆளு, விலைய பாக்க வேணாமா? போய் சுகுமார கூட்டிகினு வாங்க.”

சுகுமார் வாசலிலேயே நின்றான். “இன்னா மேடம், ஸ்டேஷனுக்கு நேரமாவுது.”

“இது போன ஞாயிறு எடுத்தது?”

“சத்தியமா.”

“அந்த நாடு ஐரோப்பிய யூனியன்ல சேந்து ஒம்பதரை வருஷம் கழிச்சிதான் யூரோவுக்கு மாறுச்சு, 2023 ஜனவரில. அதுக்கு முன்னாடி அங்க காசு பேரு குனா. ஏழரை குனா சொச்சம் ஒரு யூரோ. ஜனம் பழகட்டும்னு அந்த வருஷம் முடியறவரைக்கும் கடைல ரெண்டு விலையும் எழுதணும்னு சட்டம். இந்த சீட்டுல ரெண்டு யூரோ, பதினஞ்சு குனா, ரெண்டும் இருக்கு. இது அவரு போன புதுசுல உனக்கு அனுப்புன படம், சுகுமாரு. இப்ப எடுத்த படம் ஒண்ணுகூட உங்கிட்ட ஏன் இல்ல?”

சுகுமார் குரலைத் தாழ்த்தினான்.

“நாலு மாசம் முன்னாடி சாரத்துலேர்ந்து வுழுந்துட்டாரு. நெனவு இல்ல. ஆஸ்பத்திரில இருக்காரு. அவரு வேல பர்மிட்ட நான் புதுப்பிக்கல மேடம். வெளிய தெரிஞ்சா என்ன உள்ள வச்சிடுவாங்க.”

சகாயராணி அவன் எதிரே வந்து நின்றாள்.

“உசுரு இருக்கா?”

“இருக்குதும்மா.”

“ஸ்டேஷனுக்கு வா. இத அங்க சொல்லு. இன்னைக்கு எடுத்த போட்டோ எனக்கு வேணும். மூஞ்சி எப்பிடி இருந்தாலும் பரவால்ல.”