எதிர் அறைத் தட்டு

கோத்தகிரிக்கு மேலே மேகத்தில் மிதக்கும் அந்த விடுதியில், விடிந்ததும் விருந்தினர்கள் செய்யும் முதல் வேலை கதவின் வேவுக்கண்ணில் கண்ணை ஒட்டிக்கொண்டு நிற்பது. சென்னியப்பனும் பட்டு மேலங்கியோடு அப்படித்தான் நின்றார். வெளியே நடைக்கூடத்தில், அறைகளுக்குத் தட்டு சுமக்கும் எந்திரங்களான தட்டோடிகள் ஓசையின்றி உருண்டு போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி மூடி. யாருக்கு என்ன போகிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இவ்வளவு வாடகை எதற்கு?

ரூம் சர்வீஸ் என்றால் போனை எடுத்து, "ரெண்டு இட்லி, கெட்டிச் சட்னி" என்று கத்திய காலம் மலையேறிவிட்டது. இங்கே போனும் இல்லை, மெனுவும் இல்லை. சுவருக்குள் பதித்த விழைவுமானி நாடியையும் கண்மணியையும் படித்து, மனம் எதற்கு ஏங்குகிறதோ அதை அனுப்பிவிடும். வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம். கேட்டுச் சாப்பிடுகிறவர்களுக்குக் கீழே பஸ் ஸ்டாண்டில் கடைகள் உண்டு.

சென்னியப்பன் தயாராகத்தான் வந்திருந்தார். பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளின் பெயர்களை மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஆசைப்பட்டுப் பழகியிருந்தார். எதிர் அறையில் தங்கியிருக்கும் சகலை நாச்சிமுத்து அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும், பார்த்து வாய் பிளக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேண்டுதல். சகலை தோட்டத்தில் கிணறு வெட்டினால் இவர் ஆழ்குழாய் இறக்குவார். சகலை கார் வாங்கினால் இவர் பறக்கும் கார் வாங்குவார். ஓட்டத் தெரியாது, அது வேறு விஷயம்.

எதிர் அறைக்கு ஒரு தட்டோடி போயிற்று. மூடிக்குள் ராகிக்களி, ஆவி பறக்க. சற்று நேரத்தில் இவர் அறைக் கதவும் திறந்தது. மூடிக்குள் ராகிக்களி, ஆவி பறக்க.

"ஏனுங், இன்னிக்கும் களியா?" என்றாள் திலகமணி. அவருடைய மனைவியான அவள், இங்கே வந்த நாளிலிருந்து ஒரு டம்ளர் காபிக்காகக் காத்திருந்தாள்.

"எனக்குக் களியே ஆகாது அம்மிணி. மிசினு கெட்டுப்போச்சு."

"நேத்து முட்டிவலித் தைலம் வந்துச்சு. அதுக்கு முந்தி வெந்நீர்ப் பை. உங்க முட்டிக்கு என்னங் கேடு?"

"சகலைக்கு வந்துச்சில்ல?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. அதை மறைக்க மேலாளரை வரச்சொல்லிச் சத்தம் போட்டார்.

வந்த பிலோமினா, சுவரில் ஒளிர்ந்த கோடுகளைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொள்ள அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அது பாதிதான் உதவியது.

"மானி நல்லாத்தான் சார் இருக்கு. எதிர்க் கதவு திறக்கும்போதெல்லாம் உங்க நாடி துள்ளுது. அங்க போற தட்டுதான் உங்க ஆசைன்னு அது எடுத்துக்குது."

"நான் பாலாடைக்கட்டிக்கு ஆசைப்பட்டேம்மா!"

"அதுல ஒரு துடிப்புகூட இல்ல சார்."

"அப்ப என்ற காபி?" என்று திலகமணி இடையில் புகுந்தாள்.

பிலோமினா தயங்கினாள். "ஒரு ரூமுக்கு ஒரு தட்டுதான் மேடம். ரெண்டு பேர்ல யாரோட ஏக்கம் பெருசோ, அவங்களுதுதான் வரும். உங்க காபி ஆசை நல்லாவே இருக்கு. ஆனா சாரோடதுகிட்ட நிக்க முடியல."

திலகமணி எழுந்து நேராகப் போய் எதிர்க் கதவைத் தட்டினாள். அவளுடைய அக்கா சாந்தாமணி களிக் கையோடு வந்து திறந்தாள்.

"அக்கா, மாமாவுக்குக் களி அவ்வளவு இஷ்டமா?"

"அவருக்கா? நல்லாக் கேட்ட போ! களி எனக்கு. தைலமும் என்ற முட்டிக்குத்தான். இந்த மனுசனுக்கு ஒரு ஆசையும் கெடையாது, நான் நெனைக்கறதுதான் வந்துட்டிருக்குது."

உள்ளேயிருந்து நாச்சிமுத்து எட்டிப்பார்த்தார். "வாங்க சகலை, களி சாப்பிடறீங்களா?"

மனைவியின் அக்காவுடைய மூட்டுவலிக்காகவா நெஞ்சு எரிந்தோம் என்று சென்னியப்பனுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. ஆசையே இல்லாமல் ஒருத்தன் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறான் என்ற புதிய எரிச்சல் வந்து அதை மூடிவிட்டது.

திலகமணி அவரைப் பார்க்கவில்லை. அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நினைத்தது நினைத்தபடி வந்து சேரும் ஒரு பெண்ணின் தோள் எவ்வளவு தளர்வாக இருக்கிறது! கூடப் பிறந்தவளைப் பார்த்து அவள் வயிறு எரிந்தது இதுவே முதல் தடவை.

அன்று மாலை எதிர் அறைக்கு முறுக்கு போயிற்று. சென்னியப்பன் முறுக்குக்காக மேசையைத் துடைத்து வைத்தார். தட்டோடி வந்தது. மூடிக்குள் முறுக்கு இல்லை. ஒரு சாவி இருந்தது. நடைக்கூடத்தின் கடைசியில் இருக்கும், ஒற்றைக் கட்டில் போட்ட அறையின் சாவி.

"இதுக்கு யாரு ஆசைப்பட்டா?" என்றார்.

"உங்களுத விடப் பெருசா எனக்கும் ஒரு ஏக்கம் வந்துருச்சுங்." திலகமணி சேலைகளைப் பையில் அடுக்கினாள். கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அக்காவும் மாமாவும் என்ன நெனைப்பாங்க?"

"இப்பவும் அவங்கதானா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அறையில் ஒரே ஒரு மனம்தான் இருந்தது. இனி போட்டியில்லை. சென்னியப்பன் வேவுக்கண்ணில் கண்ணை வைத்தார். கடைசி அறையை நோக்கி ஒரு தட்டோடி ஒற்றை டம்ளர் காபியோடு அவர் கதவைத் தாண்டியே போனது. அவர் கவனிக்கவில்லை. எதிர்க் கதவு திறந்துகொண்டிருந்தது.

அங்கே போன தட்டில் இரண்டு காபி. சாந்தாமணி ஒன்றை எடுத்து ஆற்றி நாச்சிமுத்துவிடம் நீட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் சென்னியப்பனின் அறைக்கும் இரண்டு காபி வந்தது. அவர் ஒன்றை எடுத்துக் குடித்தார். மற்றதை மேசையின் எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார். ஏடு படியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.