கரைக்குரல்

காலை ஏழு மணிக்கு, இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பலறோ சந்தையில் வாங்கிய ஐஸ் பின்னேரம் மூன்று மணியாகியும் உருகவில்லை. கிறிகோரி முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நவம்பர் மாதம். குசினி யன்னல் திறந்து கிடந்தது. ஐஸ் போட்ட வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டியும் நல்ல தடிப்பு. ஆனால் மீன்கடைக்காரன் அள்ளிப் போட்டது உடைத்த ஐஸ், கற்கண்டு போலச் சின்னச் சின்னத் துண்டுகள். இப்போது மூடியைத் திறந்தால் துண்டுகளைக் காணவில்லை. கண்ணாடி போட்டதுபோல ஒரே பாளமாகக் கிடந்தது. அவர் மடக்கிய விரல் மொழியால் தட்டிப் பார்த்தார். பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டினாற்போல அந்தச் சத்தம் உள்ளே இறங்கிப் போனது.

"அப்பா, தவராசா மாமா கீழை நிண்டு ஹோர்ன் அடிக்கிறார்," என்றாள் மகள் மொனிகா, உள் அறையிலிருந்து.

"கேக்குது பிள்ளை. எனக்கென்ன காது செவிடே?"

சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே பிடிக்கவில்லை. மூடியை அழுத்திப் பூட்டிக் கயிறு கட்டினார்.

அறுபத்து மூன்று வயதிலும் கிறிகோரியின் முதுகு வளைந்ததில்லை. மன்னார்ப் பேசாலையில் இருந்து பலெர்மோவுக்கு வந்து முப்பது வருசம் இத்தாலிச் சிஞ்ஞோராமாரின் வீடுகளைத் துடைத்தபோதும் நிமிர்ந்துதான் துடைத்தார். ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிப்பவர் அவர். தமிழ்ச் சனத்துக்குள் ஏதும் பிணக்கு வந்தால் சீசாப் பகுதியில் உள்ள இந்த நாலாம் மாடி வீட்டுக்குத்தான் தீர்ப்புக் கேட்க வருவார்கள். மனைவி செத்த பிறகு ஒரே மகளை ஒரு பழிச்சொல் கேளாமல் வளர்த்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அந்த முதுகைப் பார்த்து "கொடிமரம்" என்று பட்டம் வைத்தவன் அவருடைய ஊர்க் கூட்டாளி அகஸ்ரின். அப்படிக் கூப்பிட அவன் ஒருவனுக்குத்தான் துணிவு இருந்தது.

அகஸ்ரின் ஆற்றில் போய் நாளையோடு ஒரு வருசம்.

புதன்கிழமை அவனுடைய மனைவி எமிலியானா வந்திருந்தாள். கறுப்புச் சட்டை, வேலை முடிந்து வந்த களைப்பு. கதிரை நுனியில் இருந்தாள்.

"அண்ணா, அவருக்கு மணலைக் குழம்பு எண்டால் உயிர். ஆண்டுப் பூசைச் சாப்பாட்டுக்கு அந்த ஆத்து மீன்தான் வேணும். நீங்கள்தான் பிடிச்சுத் தரவேணும். பூசை முடிய எழும்பி நாலு சொல்லும் சொல்லவேணும். கடைசியா அவரோடை நிண்டது நீங்கள்தானே."

அவர் தலையாட்டினார். பிறகு அவள் கேட்டாள். ஒரு வருசமாக அவள் கேட்டு வருகிற அதே கேள்வி.

"அவர் கூப்பிடவே இல்லையே, அண்ணா?"

"இல்லைத் தங்கச்சி. ஒரு சத்தமும் கேக்கேல்லை."

"அப்ப நோகாமல்தான் போயிருப்பார்," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

அவன் கூப்பிட்டான். மூன்று தரம் கூப்பிட்டான்.

பேசாலையில் இருட்டு வேளையில் தண்ணீருக்குள் இறங்கியவன் "இருக்கிறியே?" என்று கேட்பான். கரையில் நிற்பவன் "இருக்கிறன்" என்பான். பனிப்புகார் மூடினால் தண்ணீருக்குள் நிற்பவனுக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்தக் குரல்தான் அவனுக்குக் கரை. கேட்பவன் பகையாளி என்றாலும் பதில் சொல்லவேணும் என்பது அங்கே எழுதாத சட்டம். பலெர்மோவுக்கு வந்த பிறகும் கிறிகோரியும் அகஸ்ரினும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. யாழ்ப்பாணத்துத் தவராசாவுக்கும் அதைப் பழக்கியிருந்தார்கள்.

ஆனால் போன வருசம் அந்த நாளில் கிறிகோரியும் அகஸ்ரினும் கதை பேச்சில்லை. மூன்று கிழமைக்கு முன் கோயில் முற்றத்தில், பத்துப் பேருக்கு நடுவில், அகஸ்ரின் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான்: "கொடிமரம், உன்ரை மோளை ஒரு இத்தாலிக்காரப் பெடியன்ரை ஸ்கூட்டரிலை கண்டன். கொடி எங்கையோ பறக்குது, மரம் இஞ்சை நிக்குது." எல்லோரும் சிரித்தார்கள். அது உண்மை என்பதுதான் கிறிகோரியைச் சுட்டது. அன்றிலிருந்து அவனுடைய முகத்தை அவர் பார்க்கவில்லை. சமாதானம் செய்து வைக்கத்தான் தவராசா இரண்டு பேரையும் ஒரே காரில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டு போனான். அவன் தேத்தண்ணி எடுக்க மேலே றோட்டுக்கு ஏறிய நேரத்தில் அகஸ்ரினின் தூண்டில் சிக்கியது. சிக்கெடுக்க இறங்கினான். புகார் வந்தது.

முதலாம் தரம் கேட்டபோது கிறிகோரி நினைத்தார்: மன்னிப்புக் கேள், பிறகு பதில் சொல்லுறன். இரண்டாம் தரம் குரல் தள்ளிக் கேட்டது. மூன்றாம் தரம் பட்டம் இல்லை, பெயர் இல்லை, வெறும் "இருக்கிறியே?" மட்டும். அவர் வாயைத் திறந்தபோது கேட்க ஆள் இல்லை.

பகேரியா ஊரைத் தாண்டி ஆறு கடலில் விழுகிற இடத்தில் தவராசா காரை நிற்பாட்டியபோது நாலு மணி. முதல் மழை விழுந்து ஆறு கலங்கும் இந்த இரண்டு கிழமைதான் மணலை கடலிலிருந்து முகத்துவாரத்துக்கு ஏறும். மார்கழி பிறந்தால் ஆறு சேறாகிவிடும், பிறகு வருசம் முழுக்க ஒன்றும் இல்லை. ரயில் பாலத்துக்குக் கீழே, நாணல் புதருக்குப் பக்கத்தில், அதே இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அழுகிய நாணல் மணமும் தூரத்தில் யாரோ ஒலிவ் கிளை எரிக்கிற புகை மணமும் கலந்து வந்தன. தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில், சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தது.

கிறிகோரியின் தூண்டில் விழுந்த கையோடு மீன் பிடித்தது. திரும்ப எறிந்தார், திரும்பவும் பிடித்தது. அரை மணித்தியாலத்தில் ஏழு.

"உன்ரை அந்தோனியார் இண்டைக்கு ஓவர்ரைம் செய்யிறார் போலை," என்றான் தவராசா. "என்ரை பிள்ளையாரைப் பார், லீவு போட்டிட்டார்."

கிறிகோரி சிரிக்கவில்லை. ஏழு மீனில் ஒன்றுகூடத் துள்ளவில்லை. கொக்கியைக் கழற்றும்போது ஒவ்வொன்றும் ஐஸுக்குள் இருந்து எடுத்ததுபோல விறைத்திருந்தது. ஆனால் செவுள் அசைந்தது. வாய் திறந்து மூடியது. அவர் அவற்றை ஐஸ் பாளத்தின் மேலே வரிசையாக அடுக்கி மூடியைப் பூட்டினார்.

ஐந்து மணிக்கு வெளிச்சம் போனது. தவராசா கையை உரசிக்கொண்டான்.

"தேத்தண்ணிப் போத்தல் காருக்கை. எடுத்துக்கொண்டு வாறன்."

"பிறகு குடிப்பம். நில்லு."

"என்ன மச்சான், பயமே?" என்று கேட்டுவிட்டு அவன் மேட்டில் ஏறினான்.

சரளைக்கல்லில் அவனுடைய சப்பாத்துச் சத்தம் தேய்ந்து போக, கடல் பக்கமிருந்து புகார் ஆற்றின் மேல் தவழ்ந்து ஏறியது. முதலில் எதிர்க்கரை நாணல் மறைந்தது, பிறகு பாலத்தின் தூண்கள், பிறகு அவருடைய தூண்டில் நுனி. பாலத்தின் மேலே பலெர்மோ ரயில் போனது. சத்தம் கேட்டது, வெளிச்சம் தெரியவில்லை. ரயில் போன பிறகு வந்த அமைதியில் யாரோ தண்ணீருக்குள் ஒரு அடி வைக்கிறது கேட்டது. அவசரமில்லாத, ஆறுதலான அடி. காலால் தரையைத் தடவிப் பார்த்து வைக்கிற அடி.

"கொடிமரம்."

கிறிகோரி தூண்டில் தடியைத் தரையில் ஊன்றினார்.

"கொடிமரம்... இருக்கிறியே?"

கோபம் இல்லாத குரல். கொஞ்சம் மூச்சு வாங்கிய குரல். ஒரு சொல்தான் வேணும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால், போன வருசமும் சொல்லியிருக்கலாம் என்றாகிவிடும். மேலே தவராசா நிற்கிறான். அவனுக்குக் கேட்கும். அவனுக்குக் கேட்டால் எமிலியானாவுக்குப் போகும். எமிலியானாவுக்குப் போனால் கோயிலுக்கு, கோயிலிலிருந்து ஊருக்கு. கிறிகோரி பல்லைக் கடித்தார். முதுகை நிமிர்த்தினார்.

தண்ணீருக்குள் அந்த அடிகள் நின்றன. பிறகு திரும்பின. தள்ளிப் போயின.

தவராசா ஓடி இறங்கி வந்தான். கையில் போத்தல் இல்லை.

"ஆர் கூப்பிட்டது?"

"ஒரு சத்தமும் கேக்கேல்லை."

தவராசா தன்னுடைய தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினான். "போன வருசமும் நீ உதே சொல்லைத்தான் சொன்னாய்," என்றான்.

காரில் சீசாவுக்குத் திரும்பினார்கள். வாசலில் பெட்டியை இறக்கும்போது தவராசா கேட்டான்:

"நாளைக்குப் பூசையிலை என்ன சொல்லப் போறாய்?"

"உள்ளதைத்தான்."

"எந்த உள்ளதை?"

கிறிகோரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஏழு மீனுக்கு அந்தப் பாரம் இருக்காது. ஒவ்வொரு மாடிக்கும் இறக்கி வைத்து மூச்சு விட்டார். இறக்கி வைக்கும் ஒவ்வொரு தரமும் உள்ளே ஏதோ பாளத்தில் முட்டியது. கீழிருந்து மேலே.

"குளிச்சிட்டு வந்து மீன் வெட்டித் தாறன் அப்பா," என்றாள் மொனிகா. குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கு ஆறுதலாக இருந்தது. வீடு. மகள். மின்குமிழ். சுவரில் திருஇருதய ஆண்டவர். அவர் கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கினார்.

மீன்கள் பாளத்தின் மேலே இல்லை. அதற்குக் கீழே நின்றன.

ஏழும் வாயை மேலே வைத்து, பாளத்தை முத்தமிடுவதுபோல நின்றன. பாளம் கீறல் இல்லாமல், யன்னல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே பெட்டியின் வெள்ளை அடி தெரியவேணும். தெரியவில்லை. பால்தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது.

ஏழு வாயும் ஒன்றாகத் திறந்தன.

"கொடிமரம். இருக்கிறியே?"

அவர் மூடியைப் போட்டு அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றினார். சொல்லு. ஒரு சொல். ஆனால் மகள் இருக்கிறாள். மகளுக்குக் கேட்கும். "ஆருக்கு அப்பா பதில் சொன்னீங்கள்?" என்று கேட்பாள். ஒரு பிள்ளைக்கு முன்னால் தகப்பன் தலை குனிந்தால் பிறகு என்ன இருக்கிறது? நாளைக்குச் சொல்லலாம். பூசைக்குப் பிறகு. அடுத்த கிழமை. சாமியாரிடம், பாவசங்கீர்த்தனத்தில், காதோடு காதாக. இப்போது வேண்டாம்.

மூடி கைக்குக் கீழே குளிர்ந்தது. எலும்பு வரை.

மூன்றாம் தரம் பட்டம் இல்லை. பெயர் இல்லை. பெட்டிக்குள் இருந்தா, சுவருக்குள் ஓடுகிற குழாயில் இருந்தா, தெரியவில்லை.

"இருக்கிறியே?"

அவர் வாயைத் திறக்கவில்லை.

குளியலறையில் இருந்து மொனிகாவின் குரல் வந்தது. சாதாரணமாக. கொஞ்சம் அலுப்போடு.

"ஓம் அப்பா. இஞ்சைதான் இருக்கிறன்."

தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"பிள்ளை," என்றார் கிறிகோரி.

பதில் இல்லை.

"மொனிகா."

அவர் ஓடினார். கதவு பூட்டியிருக்கவில்லை. துவாய் கொக்கியில் தொங்கியது. செருப்புச் சோடி பாயில் இருந்தது. தொட்டி விளிம்பு வரை நிரம்பிக் கலங்கிய தண்ணீர், மேலே நாணல் இலை ஒன்று. அவர் தோள் வரை கையை விட்டார். தொட்டியின் அடி கையில் தட்டியது. வேறு ஒன்றும் தட்டவில்லை.

அப்போது குசினியில் கேட்டது. தட்டுகிற சத்தம். கீழிருந்து மேலே.

மூடியைப் பிடுங்கி எறிந்தார். மீன்கள் போய்விட்டன. தெளிந்த ஐஸ், அதற்குக் கீழே கறுத்த தலைமயிர் ஆறுதலாக விரிந்து வந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு உள்ளங்கை எழும்பிப் பாளத்தைத் தொட்டது. சின்ன விரலில் அவர் போட்டுவிட்ட மோதிரம். கை பாளத்தைத் தடவியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கரையைத் தேடுகிற கை.

கிறிகோரி முழங்காலில் விழுந்தார். முதுகு வளைந்தது. நெற்றியை ஐஸில் வைத்து, நாலு மாடிக்கும் கேட்கக் கத்தினார்:

"இருக்கிறன்! பிள்ளை, இஞ்சை! இருக்கிறன்! இருக்கிறன்!"

கை நின்றது. காது கொடுப்பதுபோல ஒரு கணம் நின்றது. பிறகு, அந்தக் குரல் கரை இல்லை என்பதுபோலத் திரும்பி, அது வந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக, கலங்கிய தண்ணீருக்குள் தடவித் தடவி இறங்கிப் போகத் தொடங்கியது.