பதினெட்டு என்றது கருவி

வியாழன் காலை 8.20. மலைமேல் இருந்த சுரங்கக் கம்பெனி மருத்துவமனையில் தொழிலாளி ருஃபினோ படுத்திருந்தான். நேற்றிரவு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செவ்வாயன்று பாறை விழுந்து நசுங்கிய கால். கீழே ஒருரோ நகர ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து, உள்ளே அழுத்தம் ஏறினால் கம்பியில்லாமல் தெரிவிக்கும் சின்னக் கருவியையும் தசைக்குள் வைத்தார்கள். அப்படியும் கால் செத்துப்போனது.

"நர்ஸ் நில்டா கவனிக்கல. கேஸ் எழுதுங்க," என்றார் டாக்டர் உர்கிதி.

இன்ஸ்பெக்டர் பெர்த்தா கொல்கே பதிவைப் புரட்டினாள். "அழுத்தம் முப்பதைத் தாண்டினா ஆபத்து. நேத்துப் பகல் முழுக்கப் பதினெட்டுதான் இருக்கு."

"ஆனா அவர் அலறினாரு, மேடம்," என்றாள் நில்டா. "மூணு தடவை டாக்டரைக் கூப்பிட்டேன். 'மெஷின் பதினெட்டுங்குது, வலி மறக்க மெல்லுற கொக்கா இலைக்கு நடிக்கிறான், வாயில ஒரு பிடி திணி'ன்னாரு."

பெர்த்தா உர்கிதி பக்கம் திரும்பினாள்.

"நேத்துக் காலையிலேயே ஏன் மேலே கூட்டிட்டு வந்தீங்க, டாக்டர்?"

"கம்பெனி உத்தரவு. மூணு நாள் வெளியாஸ்பத்திரியில இருந்தா விபத்துன்னு அரசாங்கத்துக்கு எழுதணும்."

"கருவியைப் பத்தி நகர ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் சொல்லல."

அவர் மேசையில், ஒருரோவில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் பிரிக்காமலே தலையணையாய் உப்பியிருந்தது. இந்த மலையில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெர்த்தா பார்த்தாள். பிறகு நகர ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

9.05. பெர்த்தா போனை வைத்தாள்.

"ஒருரோவிலேர்ந்து இங்கே ஐநூறு மீட்டர் ஏத்தம். காத்தழுத்தம் அதே அளவுல இருபத்தொன்பது குறையுது. பொட்டலம் உப்பினது அதனாலதான். கருவி காத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். கீழே இருந்த காத்துக்கு வச்ச பூஜ்யத்தை இங்கே யாரும் மாத்தல. அதான் இருபத்தொன்பது குறைவாக் காட்டுது, அதைப் பதினெட்டோட கூட்டுங்க."

"நாப்பத்தேழு," என்றாள் நில்டா.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"'மேலே போனதும் பூஜ்யத்தைத் திரும்ப வைப்பேன்'னு கையெழுத்துப் போட்டுத்தானே ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் பெர்த்தா. "கீழ் ஆஸ்பத்திரியில அந்தத் தாள் இருக்கு. மாத்தியிருந்தா நாப்பத்தேழுன்னு காட்டியிருக்கும். இவரைத் திரும்ப நகரத்துக்கு இறக்கணும், விபத்துன்னு அரசாங்கத்துக்கு எழுதியும் கொடுக்கணும். அதுக்குப் பதிலா ஒரு காலை எடுத்தீங்க. பழியை இந்தப் பொண்ணு தலையில கட்டப் பார்த்தீங்க."

பெர்த்தா விலங்கை மாட்டி, கட்டிலைத் தாண்டி அவரை நடத்தினாள். ருஃபினோ கையை நீட்டி அவர் கோட்டைப் பிடித்தான்.

"மெஷினுக்குக் காது கிடையாது, சரி. உங்களுக்கு இருந்துச்சே, டாக்டர்?"