குடைக்காரன் விழாமல் இருக்க

நத்தை என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. எதையும் நிதானமாகச் செய்கிறாள் என்று தம்பி வைத்த பட்டப்பெயர். அவள் மட்டும் சும்மா இருப்பாளா? ஓயாமல் பேசும் தம்பிக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டாள். இப்போது வீட்டில் எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

விடுமுறை விட்டால் இரண்டு பேரும் சித்தி வேலை செய்யும் இடத்துக்குப் போய்விடுவார்கள். ஆகா, என்ன இடம் அது! பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் கூடம். ஒவ்வொரு பெட்டியும் அலமாரி உயரம் இருக்கும். ஒரு காலத்தில் கடைத்தெருவில் காசு போட்டு விளையாடியவை. இங்கே காசு வேண்டாம், வரிசையில் நின்றால் போதும்.

அன்றைக்கு உள்ளே நுழைந்ததும் நத்தைக்குத் திக்கென்றது. அவளுக்கு ரொம்பப் பிடித்த பெட்டியின் முன்னால் சித்தி திருப்புளியோடு நின்றிருந்தார்.

அது குடைக்காரன் விளையாட்டு. கயிற்றின் மேல் ஒரு குட்டி மனிதன் நடப்பான். பெட்டியின் நடுவில் இருக்கும் கைப்பிடியை அசைத்தால் நடப்பான். அதற்கு இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான். அழுத்தினால் குடை விரியும். முதல் திரையை எல்லோரும் தாண்டிவிடுவார்கள். இரண்டாவது திரையில்தான் வம்பு. காற்று இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கும். குடைக்காரன் தொபுக்கடீர் என்று விழுவான். இங்கே வந்தவர்களில் அதைத் தாண்டியவர் யாருமே இல்லை.

"சித்தி, இதை எதுக்குக் கழட்டுறீங்க?" என்றாள் நத்தை.

"மேனேஜர் சார் சொல்லிட்டார்மா. இதுல ஏதோ கோளாறாம். பிக்சர் டியூபை எடுத்துப் பக்கத்துப் பெட்டிக்குப் போடணுமாம்."

"நிஜமாவே கோளாறா?"

"நானும் உள்ள இருக்கிறதை எல்லாம் சோதிச்சுப் பார்த்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா தாண்ட முடியலையே!"

"வேற எங்கயாவது இன்னொரு குடைக்காரன் இருக்கானா சித்தி?"

சித்தி இல்லை என்று தலையை ஆட்டினார். "எனக்குத் தெரிஞ்சு இந்த ஒண்ணுதான்."

நத்தை பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டாள். இந்தப் பெட்டியைப் பிரித்துவிட்டால், அப்புறம் அவனை யாருமே பார்க்க முடியாது.

மேலாளர் வேகமாக வந்தார். "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா? எனக்கு மட்டும் ஆசையா என்ன? விளையாட முடியாத பெட்டியை வச்சுக்கிட்டு என்ன பண்றது, சொல்லுங்க?"

"ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன் சார். நத்தை, பெட்டியைக் கொஞ்சம் துடைச்சு விடும்மா."

நத்தை ஈரத்துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். ரேடியோ பின்னாலேயே வந்தான்.

"அக்கா, இந்தப் பெட்டிக்கு எத்தனை வயசு? அக்கா, குடைக்காரனுக்குக் கால் வலிக்காதா? அக்கா, நான் ஒரு தடவை..."

"நீ தொடவே கூடாது! போன தடவை பொத்தானை அந்தக் குத்து குத்தினியே!"

பெட்டியின் முன்பக்கம், அடியில் இரண்டு அழுக்குத் திட்டுகள் இருந்தன. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உற்றுப் பார்த்தாள். அழுக்கு இல்லை! செருப்புக் கால் பட்டுப் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தது.

இடப்பக்கம் ஒரு திட்டு, வலப்பக்கம் ஒரு திட்டு. நடுவில் மட்டும் பெயின்ட் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"சித்தி, தனியா விளையாடுறவங்க எங்க நிப்பாங்க?"

"நடுவுலதான். வேற எங்க?"

"அப்போ நடுவுலதானே பெயின்ட் உரியணும்? ஏன் ரெண்டு பக்கமும் உரிஞ்சிருக்கு?"

சித்தி குனிந்து பார்த்தார். "அட! ஆமா! இடது கைக்காரங்களுக்கு ஒரு பொத்தான், வலது கைக்காரங்களுக்கு ஒண்ணுன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேனே!"

கயிற்றில் இருப்பது ஒரே ஆள். அதனால் விளையாடுவதும் ஒரே ஆள் என்று இங்கே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கடைத்தெருக் காலத்தில் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் நின்று விளையாடியிருக்கிறார்கள்; கைப்பிடியையும் இரண்டு பொத்தானையும் பிடிக்க ஒருவருக்கு ஏது மூன்று கை?

நத்தை தம்பியைப் பார்த்தாள். கூப்பிட வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தாள். வேறு வழியில்லை.

"ரேடியோ, வா. அந்தப் பொத்தான் உனக்கு. குத்தாதே, அழுத்து."

"என்னையா கூப்பிட்டே?" ஒரே தாவலில் வலப்பக்கம் வந்து நின்றான்.

நத்தை இடப்பக்கம் நின்று ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் இடது பொத்தானையும் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை குடைக்காரன் விழுந்தான். இரண்டாவது தடவையும் விழுந்தான்.

"உன்னாலதான்!"

"இல்ல, உன்னாலதான்! காத்து எந்தப் பக்கம் வருதுன்னு நீ கவனிக்கவே இல்ல!"

"நான் கயித்தைப் பார்க்கவா, காத்தைப் பார்க்கவா? நீதான் எப்பவும் பேசிக்கிட்டே இருப்பியே, அதைச் சொல்லேன்!"

மூன்றாவது தடவை ரேடியோ வாயைத் திறந்தான். "இடது! இடது! இப்ப எனக்கு! மறுபடி உனக்கு! ஐயோ, எனக்கு எனக்கு!"

குடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரிந்து விரிந்து மூடியது. குடைக்காரன் தள்ளாடினான், ஆனால் விழவில்லை. திரை ஒரு நொடி இருண்டு மறுபடி வெளிச்சமானது.

மூன்றாவது திரை! காற்று நின்றிருந்தது. கயிற்றின் அந்தக் கோடியில் இன்னொரு குடைக்காரன் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சித்தீ!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். அந்தச் சந்தோஷத்தில் கைப்பிடியையும் பொத்தான்களையும் விட்டுவிட்டார்கள். குடைக்காரன் தொபுக்கடீர். போகட்டும், யார் கவலைப்பட்டார்கள்?

ஓடி வந்த மேலாளர் திரையைப் பார்த்தார், கீழே இருந்த திட்டுகளைப் பார்த்தார். சித்தியின் கையிலிருந்த திருப்புளியை மெதுவாக வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த உரிஞ்ச இடத்துல யாரும் பெயின்ட் அடிச்சிடாதீங்க" என்றாள் நத்தை.

"சத்தியமா அடிக்க மாட்டோம்" என்றார் சித்தி.

பிறகு நத்தை ஓர் அட்டையில் நிதானமாக எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினாள்: 'இதில் தனியாக விளையாட முடியாது. யாரையாவது கூட்டிக்கொண்டு வரவும்.'

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் மேலாளர் அந்தப் பெட்டியின் பக்கம் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். அட்டையைப் படித்தார். பிறகு, ரேடியோ எங்கே என்று தேடிக்கொண்டு போனார்.