குழாய்க்குள் இருமிய ஆடு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் ரொட்டி என்னை அடிக்கட்டும். ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு மாற்றிப் பேசியவன் எவனும் எங்கள் புல்வெளி நாட்டில் நல்ல சாவு செத்ததில்லை. நான் தொட்டுத்தான் சொல்கிறேன். தொட்ட துண்டைத் தின்றும் விட்டேன். ஆகவே இனி மாற்ற வழியில்லை.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த ஒராஸ்பாய்க்கு அன்று ஒரே கவலை. மாலையில் மாப்பிள்ளையின் தாயார் வந்து மகள் அக்மரலின் காதில் தோடு போடப்போகிறாள். தோடு ஏறினால் கல்யாணம் உறுதி. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தேநீரோடு எழுந்து போயிருந்தது. இந்தத் தடவை அக்மரலுக்குப் பையனைப் பிடித்தும் இருந்தது.

வெளியே துப்பினால் எச்சில் கல்லாகித் தரையில் உருளும் குளிர். அதனால் காலையில் விருந்துக்கான செம்மறியாட்டை முற்றத்தில் அறுக்காமல் குளியல் தொட்டிக்குள் நிறுத்தி அறுத்தார். தொட்டியின் பக்கத்திலேயே கழிப்பறைக் கோப்பை.

மதியம் அந்தக் கோப்பைக்குத் தண்ணீர் விடக் குமிழை இழுத்தார். தண்ணீர் சுழன்று இறங்குவதற்குப் பதிலாக மெல்ல மெல்ல விளிம்புவரை ஏறி, அங்கே நின்று, எதையோ யோசிப்பதுபோல் ஆடி, பிறகு பெரிய தொண்டை ஒன்று கஷ்டப்பட்டு விழுங்குகிற சத்தத்தோடு ஒரு விரற்கடை மட்டும் இறங்கியது. நாறவில்லை. அடைத்த கழிப்பறை நாறாமல் இருப்பதே அவருக்கு எரிச்சலாக இருந்தது. நனைந்த கம்பளி வாசம்தான் வந்தது. தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது. கோப்பையின் மேல்தொட்டிக்கு வருவதோ பனிக்கட்டித் தண்ணீர்.

மேல்தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மிதவைப் பந்து சரி. அடியிலிருக்கும் ரப்பர் மூடி சரி. தண்ணீர் கோடுவரை நிறைந்திருந்தது. கோளாறு மேலே இல்லை, கீழே. உடனே அது மனைவியின் வேலை என்று முடிவுகட்டி, சமையலறைக்குப் போய், ஆட்டின் வால் கொழுப்பை உருக்கி இதில் ஊற்றினாயா, அது குளிரில் உறைந்து அடைத்துக்கொண்டதா என்று கனிபாவை விசாரித்தார்.

"ஊத்துறதுக்கு எங்க மிச்சம் வச்சீங்க?" என்றாள் கனிபா, அண்டாவில் வேகும் ஆட்டுத் தலையைத் திருப்பிப் போட்டபடி. "காலையிலேயே ரொட்டியில தடவி முழுங்கினது யாராம்?"

ஒரு வாளி வெந்நீரில் சோப்பைக் கரைத்து ஊற்றினார். ஏறியது, நின்றது, விழுங்கியது. கட்டையில் மாட்டிய ரப்பர்க் கிண்ணத்தைக் கோப்பையின் வாயில் வைத்து அழுத்தி இழுத்தார். அழுத்தி இழுத்தார். கையை எடுத்த பிறகும் கட்டை ஒருமுறை தானாகக் கீழே இறங்கி மேலே வந்தது. கீழ்வீட்டுத் தமாராவும் அங்கிருந்து இதையே செய்கிறாள், அந்தக் கிழவிதான் அடைப்பை மேலே தள்ளுகிறாள் என்று தோன்ற, ஈரக் கட்டையைக் கையில் பிடித்தபடியே படியிறங்கிச் சண்டைக்குப் போனார்.

தமாரா கதவைப் பாதி திறந்து, தன் வீட்டில் எல்லாம் ஒழுங்காகப் போவதாகச் சொன்னாள்.

"உன் ஆட்டைத்தான் கொஞ்சம் அடக்கி வை, ஒராஸ்பாய். மத்தியானத்துலேருந்து குழாய்க்குள்ள இருமிக்கிட்டே இருக்கு."

"ஆடு அண்டாவுல வேகுதும்மா."

"அப்ப இருமுறது யாரு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேலே வந்து நீளக் கம்பியை உள்ளே விட்டார். ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கம்பி இரண்டு வளைவு தாண்டி மெத்தென்ற எதிலோ போய்ப் புதைந்தது. முறுக்கி இழுத்தார். கம்பளி வந்தது. இழுக்க இழுக்க, அறுந்துபோகாமல், நூற்றுத் திரித்ததுபோல் வந்துகொண்டே இருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வந்த கம்பளி ஈரமாக இல்லை. சூடாக இருந்தது. கோப்பைத் தண்ணீர் மெல்ல ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. மூச்சுப்போல.

அப்போதுதான் காலை நினைவுக்கு வந்தது.

எங்களில் எவனானாலும் ஆட்டின் கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன் உள்ளங்கைகளை ஏந்தி அதனிடம் ஒரு வார்த்தை சொல்வான்: உன்மேல் குற்றமில்லை, எங்களுக்கு வேறு உணவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் ஆட்டின் உயிர் அடங்கிப் போகும். காலையில் ஒராஸ்பாய் தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று மாப்பிள்ளையின் மாமனோடு கத்திக்கொண்டிருந்தார். ஆட்டிடம் அவர் சொன்னது, "சீக்கிரம் படு, சனியனே."

கம்பியைக் கீழே வைத்தார். கோப்பையின் முன் நின்றார். இரு கைகளையும் ஏந்தினார். கதவு திறந்தது.

"கழிப்பறைக்குத் தொழுகை நடக்குதா?" என்றாள் கனிபா. "நடத்துங்க. சம்பந்தி வந்தாச்சு."

சொல்லாமலே கையை இறக்கிவிட்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். கூட வந்த விருந்தினருக்கு நடுவே அமர்ந்து சம்பந்தியம்மாள் கிண்ணம் கிண்ணமாகப் பால்தேநீர் குடித்தாள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒராஸ்பாய் கழிப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். வெந்த தலையைத் தட்டில் வைத்து, மரியாதைக்காக அவள் பக்கம் முகம் திருப்பி வைத்தார்கள். தலையின் ஒரு பக்கத்துக் கண் ஒராஸ்பாயைப் பார்த்தது. சம்பந்தியம்மாள் கை கழுவ வேண்டும் என்று எழுந்தாள். மூன்றாவது சம்பந்தமும் போயிற்று என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே தாழ் விழுந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அருவி கொட்டியதுபோல், கட்டடமே அதிர, தண்ணீர் முழுசாக இறங்கும் சத்தம்.

அவள் திருப்தியோடு வந்து அமர்ந்தாள். அக்மரலை அருகே இழுத்து இரண்டு காதிலும் தோடு போட்டாள். அக்மரல் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க வீட்டுத் தண்ணி நல்ல வேகம், சம்பந்தி," என்றாள் அந்த அம்மாள். "உள்ள ஒருத்தர் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கார். போய்ப் பாருங்க."

ஒராஸ்பாய் போனார்.

விளக்கு எரியவில்லை. கம்பளி வாசம். சூடு. கோப்பை சுத்தமாக, வெள்ளையாக. குளியல் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர். அசையாத தண்ணீர். அதற்குள் நின்றது.

நாலு கால். நனைந்த முதுகு. தலை இல்லை. தலை கூடத்தில் இருந்தது. வெட்டுண்ட கழுத்து அவர் பக்கம் திரும்பியது. காத்திருந்தது.

கைகளை ஏந்தினார். வாயைத் திறந்தார். இருமல் வந்தது. ஆட்டின் இருமல்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கூடத்தில், தட்டு இருந்த இடத்திலிருந்து, அவருடைய சொந்தக் குரல் நிதானமாகச் சொன்னது:

"உம்மேல குத்தமில்ல. எங்களுக்கு வேற சாப்பாடு இல்ல."

"ஆமீன்" என்றார்கள் விருந்தினர் எல்லாரும்.

தொட்டிக்குள் ஆடு சற்று விலகி அவருக்கு இடம் விட்டது.

எங்கள் கட்டடத்துக்கு இன்றுவரை குழாயும் இல்லை, குளியல் தொட்டியும் இல்லை; கழிப்பறை முற்றத்துக் கோடியில், பலகை போட்ட ஒரு குழி.