தண்ணீரில்லாத குளத்தில் நிலா

பாழடைந்த கட்டடம் எதுவானாலும், வாசலில் நின்று காலணி மண்ணைத் தட்டிவிட்டுத்தான் அவள் உள்ளே நுழைவாள். கட்டடங்களை இடிப்பது அண்ணனின் தொழில். இடிபடுமுன் அவற்றைப் படமெடுத்து வைப்பது அவள் வேலை. காலை வெயிலில் மட்டுமே எடுப்பாள். விட்டுப்போனவர்கள் விட்டபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்பதால் ஒரு துரும்பையும் நகர்த்தமாட்டாள். வீட்டில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயரை அவள் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

மூடிக்கிடந்த அந்த நீச்சல்குளத்தில்தான் அவள் பொறுமை தீர்ந்தது. வறண்ட குளத்தின் கரையில், நீந்துவோரைக் கண்காணிக்கும் காவலர் அமரும் உயரமான நாற்காலி ஒன்று நின்றது. அது குளத்தைப் பார்த்து நின்றதாக அவளுக்கு நன்றாக நினைவு. மறுநாள் வந்தால்... ஜன்னலைப் பார்க்கிறது! பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி வைத்தாள். அடுத்த நாளும் ஜன்னல். திருப்பினாள். மறுபடியும் ஜன்னல்...

‘பேய்க்கு வேறு பிழைப்பே இல்லையா?’

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஒருநாள் இருள் பிரியுமுன்பே போனாள். தூறிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளியவள், கேமராவும் முக்காலியுமாக வெளியே வந்தவன்மேல் நேராக மோதிக்கொண்டாள்.

“நாற்காலியைத் திருப்புற பேய் நீங்கதானா?”

“அப்போ பகல் பேய் நீங்களா?”

“எதையும் தொடக்கூடாதுன்னு தெரியாது?”

“தெரிஞ்சதாலதாங்க பழையபடி வைக்கிறேன். தினமும் யாரோ வந்து மாத்திட்டுப் போறாங்க.”

“பழையபடின்னா குளத்தைப் பார்த்து!”

“ஜன்னலைப் பார்த்துங்க.”

“இருட்டுல உங்களுக்கு என்ன தெரியும்?”

“வெயில்ல எல்லாமே தெரிஞ்சுடுதே... அப்புறம் பார்க்க என்ன இருக்கு?”

சூரியனும் சந்திரனும் ஒரு குளத்துக்காக வழக்காடினவாம். குளமோ தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் மாறி மாறி முகம் பார்க்க வைத்ததாம். இவர்கள் குளத்தில் அதற்கும் தண்ணீர் இல்லை.

அவன் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. தூக்கம் கெட்ட கண்கள்... ஆனாலும் சிரிக்கிற கண்கள். அதைக் கவனித்துவிட்டோமே என்று அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன், பகலில் ஓய்வில்லை. “நாளைக்குப் பௌர்ணமிங்க,” என்றான் வெகுளியாக. “மூணு மாசமா மேகம். நாளைக்கு விலகினா, கூரை ஓட்டை வழியா நிலா குளத்துக்குள்ள இறங்கும். தண்ணி நிறைஞ்ச மாதிரியே இருக்கும். அந்த ஒரு படத்துக்காகத்தான் காத்திருக்கேன்.”

எரிச்சல் தணியாமலே அவள் நேரே வீட்டுக்குப் போனாள். “அண்ணே, அந்த நீச்சல்குளத்துக் கதவுக்கு ஒரு பூட்டுப் போடு.”

மறுநாள் இரவு வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மொட்டைமாடியில் நின்றவளுக்கு நிலாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தன் பக்கம்தான் நியாயம் என்று நிரூபித்துக்கொள்ள, குளத்துக்குப் போன முதல் நாளில் எடுத்த படங்களைத் தேடினாள். முதல் படத்திலேயே... நாற்காலி ஜன்னலைப் பார்த்து நின்றது! கூரை ஒழுகியபோது, பை நனையாமல் இருக்க அதைத் திருப்பிப் போட்டு அடியில் பையைச் செருகியவள் அவளேதான்.

‘ஐயோ... நானா?’

காலையில் அவன் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்தாள். அவன் எழுத்துப் பலகையைக் காட்டினான்.

“மேல் வரி தெரியுதுங்களா?”

“கதவைப் பூட்டச் சொன்னது நான்தான்.”

“தெரியும்ங்க. பூட்டு புதுசா இருந்துச்சு. அடுத்த வரி?”

“திட்டுங்களேன்!”

“கடைக்கு வந்தவங்களைத் திட்டக்கூடாதுங்க,” என்றான் முகம் பார்க்காமல். அந்தக் கண்களில் சிரிப்பில்லை. எரிந்து விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வெளியே வந்ததும் அண்ணனைப் பிடித்தாள். “இன்னைக்கு முன்சுவரை மட்டும் இடி. குளத்தை நாளைக்கு வச்சுக்கோ.”

“ஏண்டி? வண்டியெல்லாம் வந்து நிக்குது!”

“ஒருத்தருக்கு நிலா குடுக்கணும்.”

“எவன் அவன்?”

“கண்ணாடிக்காரர்...”

“அப்படிப் போடு! சிடுமூஞ்சிக்கே கண்ணு தெறந்துடுச்சா?” என்று சிரித்தவன், தலையில் அடித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். “ஒரே ஒரு ராத்திரி. அப்புறம் நான் பொறுப்பில்ல.”

அன்றிரவு அவள் பூட்டைத் திறந்துவைத்து அழைத்ததும் வந்தானே தவிர, அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. மேகமும் விலகவில்லை. அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் கொசு கடித்தது, இல்லையென்றால் தும்மல் வந்தது. கடைசியில், ஓரம் தேய்ந்த நிலா கூரை ஓட்டையில் எட்டிப் பார்த்தது. குளத்தின் நீல ஓடுகள் மேல் வெளிச்சம் மெல்ல மெல்லத் தளும்பியது...

“குளத்துக்குள்ள இறங்கி நில்லுங்க. அசையக்கூடாது. பேசவும் கூடாது, படம் கலைஞ்சுடும்.”

“நான் ஒண்ணு சொல்லணும்—”

“உஷ்!”

நிலா வெளிச்சத்தில் படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும்; கேமராவின் கண் திறந்தது. அவள் சிலையானாள். கன்னத்தில் ஒரு கொசு நிதானமாக வந்து உட்கார்ந்தது. பல்லைக் கடிக்கவும் வழியில்லை.

இருட்டிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. “நேத்து ராத்திரி பூட்டுக்கு முன்னாடி நின்னப்போ கோவம்தாங்க வந்துச்சு. ஆனா நிலா போச்சேன்னு இல்ல... நீங்க பூட்டிட்டீங்களேன்னு. அப்பதான் எனக்கே புரிஞ்சுது. உங்களைப் புடிச்சிருக்குங்க... அந்தச் சிடுசிடுப்போட சேர்த்து.”

‘படுபாவி! பதில் சொல்ல முடியாதபோதா இதைச் சொல்வான்?’ கண்ணில் நீர் திரண்டது. அதைத் துடைக்கவும் அவள் கையை எடுக்கவில்லை. இந்தப் படமும் தன்னால் கெடக்கூடாது.

கேமரா மூடிக்கொண்டது. “இப்போ பேசலாம்ங்க.”

முதலில் கொசுவை அடித்தாள். “நாற்காலியைத் திருப்பினது நான். உங்க பௌர்ணமியைப் பூட்டினதும் நான். ரெண்டுமே தப்பு... மன்னிச்சுடுங்க.” பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“நாளைக்கு இடியற குளத்துக்குச் சாவி எதுக்குங்க?”

“இது குளத்துக்கில்ல. அண்ணன் அடுத்து இடிக்கப்போற பழைய அச்சகத்துக்கு. அவர்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன். இனிமே எந்தக் கட்டடமா இருந்தாலும் ராத்திரி முழுக்க உங்களுக்கு. பகல் எனக்கு.”

“அப்போ... விடியற நேரம்?”

“அதையும் நானே சொல்லணுமா?” என்று சிடுசிடுத்தாள். ஆனால் சாவியை வைத்த கையை அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை.